நம் ஊர் மண்ணும் நம் வரலாறும்

(கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அரிக்கேன் விளக்கும் ஒரு கரும்பலகையும் கொண்டு இரவுப் பாடசாலையாகத் தொடங்கிய நம் கழகம் இன்று வெள்ளி விழாக் காண்கிறது. இவ்விழாவில் கல்வியைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தனர். கல்வியின் ஒரு கிளையைப் பற்றியே பேச விழைகின்றோம். நம் கழக இளைஞர்கள் சில ஆண்டுகளாக நடத்திவரும் தொல்பொருள் மன்றத்தின் பணிகளே எம் பேச்சின் பொருளாகும்.

மன்றம் தொடங்கியபோது பெரியவர் ஒருவர் எம்மிடம் வந்தார். "ஐயா, பிள்ளைகளுக்கு வேலை வேண்டும், வீட்டுமனைப் பட்டா வேண்டும். உடைந்த பானை ஓட்டைப் பொறுக்கி என்ன ஆகப் போகிறது?" என்று வினவினார். நியாயமான வினா அது. வேலையும் பட்டாவும் முதன்மையானவை என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும், "உனக்கு ஏது வரலாறு?" என்று ஒருவன் கேட்கும்போது தலைகுனிந்து நிற்கும் பிள்ளை, வேலைக்கான நேர்முகத் தேர்விலும் தலைகுனிந்தே நிற்பான் என்பதனை ஆசிரியப் பணியில் யாம் கண்கூடாகக் கண்டிருக்கின்றோம்.

எம் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். எம் ஊர்க் கோயிலின் அடித்தளக் கற்களில் வரி வரியாக எழுத்துகள் உண்டு. ஏழாம் வகுப்பில் பயின்ற காலத்தில் ஒருநாள் மதிலருகே சென்று அவ்வெழுத்தை விரலால் தடவிப் பார்த்தோம். உள்ளிருந்து வந்த ஒருவர் எம்மை விரட்டினார். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நம்மவர் நுழைந்தது 1939 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8 ஆம் நாள். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் 1947 இல் வந்துவிட்டது. ஆயினும் அச்சட்டம் எம் ஊர் மதிலருகே வந்து சேர எத்தனையோ ஆண்டுகள் ஆயின. கோயிற் சுவர்களே தமிழ்நாட்டின் மிகப்பெரிய வரலாற்று நூல்கள். அந்நூலைத் தொடுவதற்கே தலைமுறை தலைமுறையாக நமக்கு உரிமை இல்லாதிருந்தது. இன்று நம் மன்றத்துப் பிள்ளைகள் அதே சுவரின் முன் அமர்ந்து எழுத்துகளைப் படியெடுக்கின்றனர். இதனினும் பெரிய வெள்ளி விழாப் பரிசு எமக்கு வேறு வேண்டுவதில்லை.

தொல்லியல் என்பது பெரிய அலுவலர்களும் பேராசிரியர்களும் மட்டுமே செய்யும் பணி என்று எண்ணுகின்றீர்களா? அன்று. 1863 இல் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் பழங்கற்கால மனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் பூட் நிலவியல் துறையைச் சார்ந்தவர். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டின் பெருமை 1937 இல் வெளிப்படத் தொடங்கியது எங்ஙனம்? அவ்வூர்ச் சிறுவர்கள் பொறுக்கி வைத்திருந்த மணிகளைப் பிரெஞ்சு அறிஞர் சூவோ துப்ராய் கண்டதனாலன்றோ! தமிழ் பிராமி எழுத்துகளை ஆராய்ந்து 2003 இல் பெருநூல் வெளியிட்ட ஐராவதம் மகாதேவன் ஆட்சிப் பணி அலுவலராக இருந்தவர்.

கீழடியை அறியாதார் இன்று இல்லை. 1970களில் அவ்வூரில் கிணறு வெட்டியபோது பழம்பொருள்கள் வெளிப்பட்ட செய்தியை ஒரு மாணவன் தன் வரலாற்று ஆசிரியரிடம் சொன்னான். அவ்வாசிரியர் நேரிற் சென்று கண்டு, கிடைத்தவற்றைத் திரட்டித் தொல்லியல் துறையிடம் சேர்ப்பித்தார். பல்லாண்டுகள் கழிந்தபின், 2014 இல் மத்தியத் தொல்லியல் துறை வைகைக் கரையில் ஆய்வு செய்து, 2015 இல் அங்கே அகழத் தொடங்கிற்று. பின்னர் மாநிலத் துறை அப்பணியைத் தொடர்ந்தது. 2019 இல் வெளிவந்த அறிக்கை அவ்விடத்தின் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டிற்குக் கொண்டு சென்றது. பானை ஓடுகளில் ஆதன், குவிரன் முதலிய பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. 2023 மார்ச்சுத் திங்களில் அங்கு அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. இவ்வளவிற்கும் முதற்படி ஒரு மாணவனின் கண்ணும் ஓர் ஆசிரியரின் காதும் ஆகும். இராமநாதபுரம் மாவட்டத்துத் திருப்புல்லாணி அரசுப் பள்ளியிலும் 2010 முதல் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் மாணவர்களுக்குக் கல்வெட்டுப் படிக்கக் கற்பித்து வருகின்றது. அத்தகைய முயற்சிகளைக் கண்டே யாமும் துணிந்தோம்.

இனி, நம் மன்றத்தின் பணிகளைக் கூறுவோம்.

முதலாவது, களநடை. திங்களுக்கு இருமுறை, ஞாயிறு காலையில், ஏரிக்கரை, மேட்டுநிலம், குன்றின் அடிவாரம் ஆகியவற்றை நடந்து பார்க்கின்றோம். மக்கள் வாலியர் வீடு என்றும் பாண்டவர் வீடு என்றும் வழங்கும் கற்குவைகள் பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள் என்பதனைப் பிள்ளைகள் அங்கேயே நின்று கற்கின்றனர். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக உள்ள பானை ஓடு கிடைத்தால், அஃது எங்ஙனம் அவ்வாறாயிற்று என்பதனை விளக்குகின்றோம். பானையைக் கவிழ்த்துச் சுடும்போது உட்புறத்திற்குக் காற்றுச் செல்லாமையால் அது கறுக்கின்றது; காற்றுப்படும் வெளிப்புறம் சிவக்கின்றது. வேதியியற் பாடம் ஏரிக்கரையிலேயே நடந்துவிடுகின்றது!

இரண்டாவது, குறிப்பெழுதுதல். எந்த இடம், எந்தப் புல எண், எந்த நாள், யார் கண்டது என்பனவற்றை அன்றைக்கே பேரேட்டில் பதிதல் வேண்டும். இடம் தெரியாத பழம்பொருள் முகவரி இல்லாத கடிதம் போன்றது.

மூன்றாவது, கல்வெட்டைப் படியெடுத்தல். கல்லைத் தூய்மை செய்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டித் தூரிகையால் மெல்லத் தட்டினால் தாள் எழுத்தின் பள்ளங்களில் இறங்கும். அதன்மேல் மையைத் துணிப்பந்தால் ஒற்றினால், கருநிலத்தில் எழுத்துகள் வெண்மையாய் எழும். மைப்படி எனப்படுவது இதுவே. உரிய இசைவு பெற்றே இதனைச் செய்கின்றோம்.

நான்காவது, முதியோர் வாய்மொழியைத் திரட்டுதல். ஏரி வெட்டியவர், மதகு காத்தவர், கல்லுடைத்தவர் ஆகியோரின் நினைவுகள் எந்தச் சுவரிலும் இல்லை; நம் பாட்டன் பாட்டிமாரின் நாவில் மட்டுமே உள்ளன. ஒரு முதியவர் மறையுந்தோறும் ஓர் ஓலைக்கட்டு எரிகின்றது. ஓலை என்றவுடன் அயோத்திதாசப் பண்டிதர் எழுதிவைத்த செய்தி நினைவிற்கு வருகின்றது. திருக்குறள் ஏட்டை எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தவர் தம் பாட்டனார் கந்தப்பன் என்பதே அது. காப்பதும் நமக்குப் புதிதன்று.

எம் மன்றத்தின் கண்டிப்பான விதி ஒன்றுண்டு. நாம் ஒருபோதும் மண்ணைத் தோண்டுவதில்லை. அகழ்வது உரிமம் பெற்றோர் செய்யும் பணி. தற்செயலாகப் புதையல் கிடைத்தால் ஆட்சியருக்கு எழுத்து வாயிலாக அறிவித்தல் வேண்டும் என்பது 1878 ஆம் ஆண்டுச் சட்டம். பொன் இருக்கும் என்று எண்ணித் தாழியை உடைப்போர் காண்பது எலும்பும் ஓடுமே. இழப்பதோ வரலாற்றின் ஓர் ஏட்டை.

இப்போது, நம் தெருவிலேயே நடந்ததைச் சொல்வோம். அடிகுழாய் அருகே கிடந்த துவைகல்லை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். மூன்று தலைமுறையாக நம் தாய்மார் அதில் துணி துவைத்தனர். சென்ற ஆண்டு மழையில் ஓரத்து மண் கரைந்தபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் அக்கல்லின் அடிப்புறத்தில் வளைந்த கோடு ஒன்றைக் கண்டான். "ஐயா, வில் மாதிரி தெரிகிறது" என்று ஓடிவந்து சொன்னான். கடப்பாரை கொண்டு கல்லைப் புரட்டினோம். ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளும் ஏந்திய வீரன் ஒருவன் நம்மை நோக்கி நின்றான். அது நடுகல்! நம் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. செங்கம் நடுகற்களைப் பற்றித் தொல்லியல் துறை 1972 இலேயே நூல் வெளியிட்டிருக்கின்றது.

செய்தி பரவியது. ஊர்த் தெருவினர் சிலர் வந்து, வீரன் தங்கள் முன்னோன் என்றும், கல்லைத் தங்கள் தெருவிற்குக் கொண்டு செல்லுதல் வேண்டும் என்றும் கேட்டனர். நம் இளைஞர்கள் கொதித்தனர். "இவன் நம் பாட்டன், நம் தெருவில் கிடந்தவன், அப்படியே பலகை எழுதி வைப்போம்" என்றனர். அன்றிரவு கழகக் கட்டடத்தில் நெடுநேரம் பேசினோம். கல்லில் எழுத்தின் சுவடு கூட இல்லை. வீரன் எக்குலத்தான் என்பதற்குச் சான்று ஏதும் இல்லை. மேல்தெருவினர் சொல்வதற்குச் சான்று இல்லை எனின், நாம் சொல்வதற்கும் இல்லை. இதனை நம் இளைஞர்களிடம் சொல்வது எமக்கு எளிதாக இருக்கவில்லை. "நீங்களுமா ஐயா எங்களுக்கு எதிராகப் பேசுகிறீர்கள்?" என்று ஒருவன் கேட்டான். அச்சொல் எம்மைச் சுட்டது.

ஆயினும் சொன்னோம்: "தம்பி, நமக்கு வரலாறே இல்லை என்றது ஒரு பொய். அப்பொய்யை மற்றொரு பொய்யால் வெல்ல இயலாது. சான்றைக் கேட்கும் உரிமை நமக்கு வேண்டுமானால், சான்று இல்லாதபோது வாய்மூடும் நேர்மையும் நமக்கு வேண்டும்." அண்ணல் அம்பேத்கர், தீண்டப்படாதார் யார் என்னும் வினாவிற்கு விடை தேடி 1948 இல் நூல் வெளியிட்டபோதும், சினத்தை மட்டும் வைத்துக்கொண்டு எழுதவில்லை, நூல்களைத் துருவிச் சான்றுகளை வரிசைப்படுத்தி வாதிட்டார். அவர் வழி நடப்போர் அதனினும் குறைவாகச் செய்தல் தகுமா?

முடிவில் இரு தெருவினரும் ஒப்புக்கொண்டனர். வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் எழுதினோம். கல் கிடந்த இடத்திலேயே மேடை கட்டி நிறுத்தினோம். "பெயர் அறியப்படாத வீரன்" என்று மட்டும் பலகையில் எழுதினோம். தாய்மார்களுக்குத் துவைக்கக் கல் வேண்டுமே! கழகச் செலவில் புதிய துவைகல் ஒன்று வாங்கிப் போட்டோம். இப்போது மேல்தெருப் பிள்ளைகளும் அக்கல்லைக் காண நம் தெருவிற்கு வருகின்றனர். எம் இளமையில் அத்தெருப் பிள்ளைகள் இங்கு கால் வைத்ததில்லை.

உண்மையைத் தேடினால் நமக்கு ஒன்றும் கிடைக்காது என்று அஞ்ச வேண்டா. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளைப் பாருங்கள். இறை நீக்கிய நிலங்களின் வரிசையில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால் ஆகியவற்றோடு பறைச்சேரியும் சுடுகாடும் கூறப்பட்டுள்ளன. தீண்டாச்சேரி என்னும் சொல்லும் அக்கல்வெட்டுகளில் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம்மை ஒதுக்கி வைத்ததற்கு அது சான்று. ஆனால் அதே கல், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நாம் இம்மண்ணில் குடியிருந்தோம் என்பதற்கும் சான்று. வந்தேறிகள் அல்லோம், வழிப்போக்கர் அல்லோம். சேரியை எழுதிய கல், அச்சேரியில் வாழ்ந்த ஒருவரின் பெயரையும் எழுதவில்லை.

மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். நம் வட்டாரத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மனின் 34 ஆம் ஆட்சியாண்டில் நட்ட நடுகல் ஒன்று உண்டு. எருமை மந்தையைக் காத்து மாண்ட வீரனோடு, கள்ளனைக் கடித்துக் காத்து நின்ற அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாயின் பெயரையும் வட்டெழுத்தில் பொறித்திருக்கின்றனர். நன்றியுள்ள அந்நாயைப் போற்றுவோம். ஆனால் ஏரி வெட்டிய நம் முன்னோரின் பெயர் எந்தக் கல்லில் உள்ளது? அதனால்தான் வாய்மொழிப் பேரேடு இன்றியமையாதது என்கின்றோம். கல்லில் ஏறாத பெயர்களை நாம் தாளிலேனும் ஏற்றுவோம்.

இளைஞர்களே! உங்களுக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, பழம்பொருள் எதனைக் கண்டாலும் எடுத்துச் செல்லாதீர்கள். இடத்தைக் குறித்து மன்றத்திற்குச் சொல்லுங்கள். இரண்டு, ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியோரிடம் அமர்ந்து நான்கு தலைமுறைப் பெயர்களையேனும் எழுதி வாருங்கள். மூன்று, உங்களுள் சிலரேனும் இத்துறையில் பட்டம் பெறுதல் வேண்டும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலும் தொல்லியலும் பயிலலாம். மாநிலத் தொல்லியல் துறையும் பட்டயப் படிப்பு நடத்தி வந்திருக்கின்றது. அகழாய்வுக் குழிகளில் கூலிக்கு மண் சுமக்கும் கைகள் பல நம் கைகள். அக்குழியின் மேல் நின்று குறிப்பெழுதும் கையும் நம் கையாக வேண்டும். இக்கழகம் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அதனைச் செய்து காட்டும் என்று உறுதியாக நம்புகின்றோம்.

அடுத்த களநடை வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு, ஏரி மதகின் அருகே தொடங்கும். பெரியவர்களும் வரலாம். "பானை ஓட்டினால் என்ன பயன்?" என்று வினவிய அப்பெரியவர் இப்போது பிள்ளைகளுக்கு முன்னரே வந்து நிற்கின்றார் என்பதனை மகிழ்வுடன் தெரிவித்து அமைகின்றோம்.

வாழ்க நம் கழகம்! வளர்க அதன் கல்விப் பணி!