சொல்லும் குரலும்

இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் நீங்கள் இன்னும் சில ஆண்டுகளில் அலுவலகத்திலோ, ஆலையிலோ, மருத்துவமனையிலோ பணி ஏற்பீர்கள். அங்கே மேடைப் பேச்சுக்கு அதிக வேலையில்லை. நான்கு பேர் கூடிய அறையில், உங்களினும் மூத்தவர் ஒருவரிடம், இரண்டே வாக்கியங்களில் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டி வரும். அதற்கு வேண்டிய குரலைப் பற்றியே பேச விழைகின்றேன்.

வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார்; அவையஞ்சாமைக்கு வேறோர் அதிகாரம் வகுத்தார். சொல்லத் தெரிவது வேறு, அஞ்சாது சொல்வது வேறு என்று அவர் கண்டார் போலும். இரண்டும் அமைச்சியலில் வருகின்றன என்பதைக் கவனியுங்கள். அமைச்சன் யாரிடம் பேசுகின்றான்? தன்னைப் பணியில் வைத்திருக்கும் மன்னனிடம் அல்லவா? ஆகவே இது பணியிடத்துப் பேச்சைப் பற்றிய இலக்கணந்தான்.

1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், ஸ்பெயின் நாட்டுக்குரிய டெனெரீஃப் தீவின் விமான நிலையத்தை மூடுபனி கவிந்திருந்தது. ஒரே ஓடுபாதையில் இரண்டு பெரிய போயிங் விமானங்கள் இருந்தன. கே.எல்.எம். விமானத்தின் தலைவர், பிறருக்குப் பயிற்சி அளிக்கும் மூத்த விமானி, புறப்பட அனுமதி கிடைக்கு முன்பே விமானத்தைச் செலுத்தத் தொடங்கினார். உடனிருந்த பொறியாளர் வானொலியில் வந்த செய்தியைக் கேட்டு ஐயுற்றார். எதிரேயுள்ள பான் அமெரிக்கன் விமானம் பாதையை விட்டு இன்னும் விலகவில்லையோ என்று வினவினார். விலகிவிட்டது என்று தலைவர் அழுத்தமாகச் சொன்னார். பொறியாளர் மேலே பேசவில்லை. சில விநாடிகளில் விமானங்கள் மோதின. 583 பேர் மாண்டனர்.

மூடுபனியும், ஒரே நேரத்தில் இருவர் பேசியதால் வானொலியில் எழுந்த இரைச்சலும் அவ்விபத்துக்குக் காரணங்களே. பழி முழுவதையும் ஒரு கேள்வியின் மேல் சுமத்துவது நியாயமாகாது. ஆயினும் அறிந்தவர் வினாவாகக் கேட்டார், அறியாதவர் முடிவாகச் சொன்னார் என்பது என் நெஞ்சை உறுத்துகின்றது. 1982 ஜனவரி 13ஆம் நாள் வாஷிங்டன் நகரில் கொட்டும் பனியில் புறப்பட்ட விமானத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. கருவிகள் காட்டும் அளவு சரியாகத் தோன்றவில்லை என்று துணை விமானி பலமுறை சொன்னார், தலைவர் நிறுத்தவில்லை. விமானம் பொட்டோமாக் ஆற்றில் வீழ்ந்தது. 78 பேர் இறந்தனர்.

இத்தகைய விபத்துக்களின் பயனாக விமானிகளுக்கு ஒரு புதிய பயிற்சி பிறந்தது. மூத்தவரைப் பெயரிட்டோ பதவியிட்டோ அழை, உன் கவலையைச் சொல், கண்டது என்னவென்று சொல், செய்யவேண்டியதையும் சொல், அவர் உடன்படுகின்றாரா என்று கேள். கேள்வி இறுதியில் வருகின்றது, தொடக்கத்தில் அன்று.

இனி நம் மொழிக்கு வருவோம். தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் நிற்கின்றது. ஆம், இல்லை என்ற தீர்ப்பும் அங்கேதான் இருக்கின்றது. 'கணக்கைச் சரிபார்த்துவிட்டேன்', 'கணக்கைச் சரிபார்க்கவில்லை' என்ற இரண்டிலும் முற்பாதி ஒன்றே. அஞ்சிப் பேசுபவருக்கோ மூச்சு பாதி வழியிலேயே தீர்ந்துவிடும்; கடைசிச் சொல் தொண்டைக்குள் அமிழ்ந்துவிடும். கேட்பவர் எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமோ அதுவே விழுங்கப்படுகின்றது! பணிவு காட்டுவதற்காக ஓகாரம் சேர்த்து, 'தவறாக இருக்குமோ என்று தோன்றுகிறது' என்று இழுப்பவர்களும் உண்டு. பணிவை 'ஐயா' என்ற விளியில் வையுங்கள், செய்தியில் வைக்காதீர்கள். 'ஐயா, மூன்றாம் பக்கத்துக் கூட்டல் தவறாக இருக்கிறது' என்பதில் மரியாதைக்கு என்ன குறை?

குரல் பிறக்கும் விதத்தையும் அறிந்துகொள்வது நலம். நுரையீரலிலிருந்து எழும் காற்று குரல்வளையிலுள்ள இரு குரல்நாண்களை அதிரச் செய்கின்றது. பேசும்போது அவை ஆடவருக்கு ஒரு விநாடிக்கு நூற்றுச் சொச்சம் முறையும், பெண்டிருக்கு ஏறத்தாழ 200 முறையும் அதிரும். அச்சம் வந்தால் தொண்டைத் தசைகள் இறுகும். நாண்கள் விறைத்துக் குரல் கீச்சிடும். வீணைத் தந்தியை முறுக்கினால் சுருதி ஏறுவதைப் போன்றதே இது. கத்தினாலும் தொண்டை இறுகத்தான் செய்யும். உயிரொலி ஓங்கி மெய்யொலி மங்கும். ஆகையால் உரத்துப் பேசுவதும் உறுதியாகப் பேசுவதும் ஒன்றல்ல. தடித்த குரலே அதிகாரக் குரல் என்று சொல்லி நம் பெண்களை அச்சுறுத்துவதும் வீண் பேச்சு. மெல்லிய குரலானாலும் மூச்சு நிறைந்திருந்தால் அறை முழுதும் கேட்கும்.

ஒரு பயிற்சி சொல்லுகின்றேன். விலாவின் கீழ்ப்புறம் விரியுமாறு மூச்சை இழுத்துக்கொண்டு, நாளிதழின் ஒரு பத்தியை உரக்க வாசியுங்கள். பத்தடி தள்ளி ஒரு நண்பரை மறுபுறம் திரும்பி அமரச் செய்யுங்கள். வாக்கியந்தோறும் வரும் கடைசிச் சொல்லை மட்டும் அவர் எழுதிக்கொள்ளட்டும். முடிந்தபின் அவருடைய தாளையும் நாளிதழையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் நாளில் எத்தனை வினைமுற்றுக்கள் அவருடைய தாளை எட்டவில்லை என்று எண்ணிக் குறித்து வையுங்கள்; ஒரு வாரம் கழித்து மறுபடியும் எண்ணுங்கள்.