மறைந்த மருந்து எங்கே போனது?



காய்ச்சலுக்கும் வலிக்கும் மாத்திரை போடுகிறோம். உடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளுகிறது. அது சாக்கடை வழியாகக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேரும். அங்கே அழுக்கைத் தின்று தீர்ப்பவை பாக்டீரியாக்கள். ஆனால், அவை எல்லாவற்றையும் தின்பதில்லை. வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் கார்பமசெபினைக் கிட்டத்தட்டத் தொடுவதே இல்லை. மூட்டுவலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக்கையும் பெரும்பாலும் விட்டுவிடும். இந்த மருந்துகள் அப்படியே ஆற்றுக்குப் போய்விடுகின்றன.

பாக்டீரியா கைவிட்ட இடத்தில்தான் எங்களைப் போன்ற வேதியியல்காரர்கள் நுழைகிறோம். ஓசோன், ஹைட்ரஜன் பெராக்சைடு, குளோரின் என்று எங்களிடம் பல ஆயுதங்கள் உண்டு. மருந்தை உடைத்துவிடலாம், அதில் சந்தேகமில்லை. உடைந்தது என்னவாகிறது என்பதுதான் என் கவலை.

கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்களுக்கு நான் வழக்கமாகக் காட்டும் சோதனை ஒன்று இருக்கிறது. வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு மெத்திலீன் நீலம் தெரிந்திருக்கும். மீனுக்குப் பூஞ்சை பிடித்தால் தண்ணீரில் விடுவார்கள். மனிதருக்கும் சில அவசரங்களில் அதை ஊசியாகப் போடுவதுண்டு. அதில் சில சொட்டுகளைத் தண்ணீரில் கலந்து, கொஞ்சம் அமிலம் சேர்த்து, ஒரு சிட்டிகை இரும்பு உப்பைப் போட்டு, பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். பேனா மை போல இருந்த நீலம் வெளுத்துக்கொண்டே வரும். சற்று நேரத்தில் தண்ணீர் தெளிந்துவிடும். பையன்கள் கைதட்டுவார்கள். இந்த இரும்பு, பெராக்சைடு கூட்டணியைப் பற்றி ஃபென்டன் என்ற ஆங்கிலேயர் 1894-லேயே எழுதிவிட்டார். அவர் அன்றைக்கு உடைத்துக் காட்டியது டார்டாரிக் அமிலத்தை. நம் புளிக்குப் புளிப்பைக் கொடுக்கிற அதே அமிலம்தான்!

கைதட்டல் ஓய்ந்ததும் அந்தத் தெளிந்த தண்ணீரைக் கருவியில் வைத்து, அதில் எவ்வளவு கரிமக் கார்பன் இருக்கிறது என்று அளக்கச் சொல்வேன். பெரும்பகுதி உள்ளேயே இருக்கும். நிறம்தான் போனதே ஒழிய, பொருள் போகவில்லை. கண்ணாடி டம்ளர் கீழே விழுந்து உடைந்தால் டம்ளர் இல்லை என்று சொல்லலாம். அதற்காக அந்தப் பக்கம் வெறுங்காலோடு நடப்பீர்களா?

அடுத்து டாஃப்னியாவின் முறை. குளத்துத் தண்ணீரில் துள்ளித் துள்ளி நீந்தும் கடுகளவு உயிர் அது. தெளிந்த தண்ணீரில் அதை விட்டு 48 மணி நேரம் பார்ப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். அதற்கு முன்னால் தண்ணீரில் மிச்சமிருக்கும் பெராக்சைடைப் போக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பூச்சி செத்தது எதனால் என்றே தெரியாது. ஒரு பீக்கரில் அது ஜோராகத் துள்ளிக்கொண்டிருக்கும். வினையைப் பாதியில் நிறுத்திய பக்கத்து பீக்கரில் அடியில் அசையாமல் கிடக்கும். பார்வைக்கு இரண்டு தண்ணீரும் ஒன்றேதான். என் மாணவர்கள் அதற்குப் பிறகு கைதட்டுவதில்லை.

இது ஆய்வகத்து வேடிக்கை மட்டுமல்ல. 2006-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பாராசிட்டமாலையும் குளோரினையும் சேர்த்துப் பார்த்தார்கள். உண்டான பொருள்களில் ஒன்று நம் கல்லீரலுக்கு ஏற்கெனவே பழக்கமானது. பாராசிட்டமாலை அளவோடு சாப்பிட்டால் கல்லீரல் அந்தப் பொருளைச் சமாளித்துவிடும். அளவு மீறினால் அது கல்லீரலையே கெடுத்துவிடும். பயந்துவிடாதீர்கள், அவர்கள் சோதித்தது கழிவுநீருக்குக் குளோரின் போடும் நிலைமையை. இதைக் கேட்டுவிட்டுக் குடிநீர்த் தொட்டியில் குளோரின் போடுவதை யாரும் நிறுத்திவிட வேண்டாம். காலராவும் டைஃபாய்டும் நம் ஊரைவிட்டு ஒரேயடியாகப் போய்விடவில்லை.

அப்படியானால் பாதுகாப்பாகச் செய்ய வழியே இல்லையா? இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் சூரிச் பக்கத்தில் உள்ள டூபென்டார்ஃபில் 2014 முதல் ஊர்க் கழிவுநீர் முழுவதற்கும் ஓசோன் செலுத்துகிறார்கள். குறிப்பிட்ட சில பொருள்களில் 80 சதவீதத்தையாவது நீக்க வேண்டும் என்ற விதி 2016-இல் வந்தது. எனக்குப் பிடித்தது அந்த 80 அல்ல. ஓசோன் முடிந்ததும் தண்ணீரை நேரே ஆற்றில் விடாமல் மணல் வடிகட்டி வழியாக அனுப்புகிறார்கள். மணலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் உடைந்த துண்டுகளில் பலவற்றைத் தின்றுவிடும். முழு மருந்தைத் தொடாதவை துண்டைத் தின்கின்றன!

ஓசோனுக்கும் ஒரு வில்லன் உண்டு. தண்ணீரில் புரோமைடு இருந்தால் ஓசோன் அதைப் புரோமேட்டாக மாற்றிவிடும். அது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்பதால், குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓசோன் போடலாமா என்று தண்ணீரை முன்கூட்டியே சோதிப்பது அதனால்தான். கூடாதென்றால் செயல்தூண்டிய கரியில் மருந்தைப் பிடித்து வைக்கலாம். நம் கடலோர ஊர்களில் நிலத்தடி நீரில் கடல் உப்பு ஏறும்போது புரோமைடும் கூடவே ஏறும். சுவிஸ்காரன் செய்தான் என்று நாமும் கண்ணை மூடிக்கொண்டு ஓசோன் கருவி வாங்கக் கூடாது.

நேரம் நெருங்கிவிட்டது. மருந்துத் தொழிற்சாலைக் கழிவைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவில் சுத்திகரித்து வெளியேற்றிய நீரிலேயே சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததாக 2007-இல் வந்த ஆய்வு சொன்னது. அதை இன்னொரு நாள் பேசலாம்.

‘எங்கள் கருவி மருந்தை 99 சதவீதம் நீக்கிவிடும்’ என்று யாராவது விற்க வந்தால், உங்கள் ஊராட்சிக் கூட்டத்திலோ குடியிருப்போர் சங்கத்திலோ எழுந்து நின்று, அது என்னவாக மாறியது, உயிருள்ள எதை விட்டுச் சோதித்தீர்கள் என்று கேளுங்கள். வீட்டில் காலாவதியான மாத்திரைகள் இருந்தால் கழிப்பறையில் கொட்டாதீர்கள். சில கடுமையான வலிநீக்கிகளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு, மருந்துக் கடைக்காரரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.