உலாவிக்குள் ஓர் ஆள்

(ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் செயலாளர் போன் பண்ணி, "நீதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே, ஏ.ஐ. பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசு" என்றார். நான் படித்தது பொருளாதாரம். இந்தக் கல்லூரியில் இருந்தவரை கம்ப்யூட்டரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. 2001-இல் பாப்பிரெட்டிப்பட்டியில் ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு மோடம் வைத்து பிரௌசிங் சென்டர் திறந்தேன். என் தகுதி அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் பொம்மிடி, கடத்தூர், பள்ளிப்பட்டி என்று சுத்துப்பட்டு முழுக்க என் கடை வாசலில்தான் நிற்கும். பதிவெண்ணை நான் தட்டுவேன். பக்கம் திறக்க அஞ்சு நிமிஷம் ஆகும். அதற்குள் பிள்ளைகளுக்கு முகம் வெளுத்துவிடும். யாரும் மவுஸைத் தொட மாட்டார்கள். "நீங்களே பாத்துச் சொல்லுங்க சார்" என்பார்கள். வில்லங்கச் சான்று, பட்டா, ஆதார் திருத்தம், பென்ஷன் எல்லாவற்றுக்கும் இன்றுவரை அதே வாசகம்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிரௌசரை நாம் தமிழில் உலாவி என்கிறோம். சோஹோ நிறுவனம் 2023-இல் வெளியிட்ட பிரௌசருக்கு உலா என்றே பெயர் வைத்தது. ஆனால் இதுவரை உலாவியது நாம். பிரௌசர் வெறும் வண்டி. 2025 ஜூலையில் பெர்ப்ளெக்ஸிட்டி நிறுவனம் காமெட் என்ற பிரௌசரைக் கொண்டுவந்தது. அதன் தலைவர் அரவிந்த் ஸ்ரீனிவாஸ் சென்னையில் பிறந்து, அங்குள்ள ஐ.ஐ.டி.யில் படித்தவர். முதலில் மாதம் 200 டாலர் கட்டுபவர்களுக்கு. அக்டோபரில் எல்லாருக்கும் இலவசம். அதே அக்டோபரில் ஓப்பன் ஏ.ஐ. தன் அட்லஸை வெளியிட்டது. வண்டிக்குள் இப்போது ஒரு டிரைவர் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தைப் படித்துச் சுருக்கிச் சொல்வார், மெயிலைத் தேடுவார், படிவம் நிரப்புவார், நாம் சொன்னால் சாமான்கூட வாங்கித் தருவார்.

இதைக் கேட்டதும் எனக்கு ஒரே சிரிப்பு. இருபது வருஷத்துக்கு மேலாக நான் செய்வது இதே வேலைதானே! எங்க ஊர்க்காரர்களுக்கு பிரௌசருக்குள் இருக்கும் உதவியாளர் நான்தான். அந்த அனுபவத்தில்தான் சில விஷயம் சொல்கிறேன்.

2018-இல் பொறியியல் பொதுக் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. அதுவரை அப்பனும் பிள்ளையும் பஸ் ஏறி அண்ணா பல்கலைக்கழகம் போவார்கள். அதன்பிறகு என் கடைக்கு வந்தார்கள். மரவள்ளி போடும் விவசாயி ஒருவர் மகளோடு வந்தார். "சேலத்துப் பக்கமா இருக்கணும் சார், நீங்களே போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். கூட்டமான நேரம். ஒரே மாதிரிப் பெயருள்ள ரெண்டு கல்லூரியில் தென்மாவட்டத்துக் கல்லூரியை வரிசையில் முதலாவதாகப் போட்டுவிட்டேன். உறுதி செய்யப் போகும் நேரம், பின்னால் நின்ற அந்தப் பெண் மெதுவாக, "சார், அது நான் சொன்னது இல்லைங்க" என்றாள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்றிலிருந்து எந்தப் படிவமானாலும் வரிவரியாக வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுத்தான் பட்டனை அழுத்துகிறேன்.

நான் செய்தது அவசரத் தப்பு. இந்தப் புது உதவியாளருக்கு உள்ள கோளாறு வேறு வகை. 2025 ஆகஸ்டில் பிரேவ் நிறுவனத்தார் காமெட்டைச் சோதித்தார்கள். பொதுத்தளப் பக்கம் ஒன்றில், படிப்பவர் கண்ணுக்கு மறைவாகச் சில கட்டளைகளை எழுதி வைத்தார்கள். "இந்தப் பக்கத்தைச் சுருக்கிச் சொல்" என்று கேட்டதும், உதவியாளர் அந்தக் கட்டளைப்படி நடந்து, மெயிலுக்குள் போய் ஓ.டி.பி.யை எடுத்து அதே தளத்தில் எழுதிவிட்டது! காமெட்டில் பிறகு திருத்தம் செய்தார்கள். ஆனால் காரணம் ஆழமானது. முதலாளி சொல்வதும் எழுத்து, பக்கத்தில் கிடப்பதும் எழுத்து. எது யாருடைய கட்டளை என்று பிரித்தறிய அதற்கு உறுதியான வழி இல்லை. சாதாரண பிரௌசரில் ஒரு தளம் இன்னொரு தளத்தின் விவரத்தைத் தொட முடியாதபடி சுவர் உண்டு. உதவியாளரோ நம் சாவிக்கொத்தோடு எல்லா அறைக்கும் போகிறவர். அட்லஸ் வெளிவந்த மறுநாளே ஓப்பன் ஏ.ஐ.யின் பாதுகாப்பு அதிகாரி, இது இன்னும் தீராத பிரச்சினை என்று ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

என் கடைக்கு வருகிறவர் என்னைத் திட்டலாம், ஊர்ப் பெரியவரிடம் சொல்லலாம். நானும் நாளைக்கு அதே பஸ் ஸ்டாண்டில் அவர் முகத்தில் முழிக்க வேண்டும். சுவரில் யாரோ ஒட்டிய நோட்டீஸில் "இவர் பணத்தை எனக்கு அனுப்பு" என்று இருந்தால் நான் அனுப்பிவிட மாட்டேன்.

அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. நானே வைத்திருக்கிறேன். இருபது பக்க அரசாணையை அது அரை நிமிஷத்தில் தமிழில் சுருக்கித் தரும்போது, கண்புரை ஆபரேஷன் செய்த எனக்குப் பெரிய உதவி. ஆனால் அந்த பிரௌசரில் மெயில், பேங்க் எதையும் திறந்து வைப்பதில்லை. அவற்றுக்குப் பழைய பிரௌசர் தனியாக உண்டு. போன வாரம் ஒரு பையன், "அங்கிள், விண்ணப்பத்தை அதுவே நிரப்பிடுமே, உங்களுக்கு எதுக்கு அம்பது ரூபாய்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. "நிரப்பச் சொல்லு தம்பி, உறுதி பண்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு வரியா எனக்குப் படிச்சுக் காட்டு" என்றேன். மூணாவது வரியில் அவன் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவன் பெயர் இருந்தது. திருத்தினான். காசு வாங்கவில்லை.

வாணியாறு அணை பார்க்க வருகிற நண்பர்கள் கடைக்கு ஒரு எட்டு வாருங்கள், பஸ் ஸ்டாண்டு பக்கம்தான். டீ என் செலவு. ஓ.டி.பி.யை மட்டும் நீங்களே தட்டிக்கொள்ளுங்கள்.