புரியலைன்னா திரும்பக் கேளு!

(தலைப்பு: ‘கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்களா? காலத்தை வீணடிக்கிறார்களா?’ ‘கற்றுக்கொள்கிறார்கள்’ என்ற அணியில், தேவதானத்திலிருந்து வந்த ஒரு தாய் பேசியது.)



எனக்கு ஊர் தேவதானம். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரம். எங்க நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலைத் தெற்குச் சீமையின் பஞ்சபூதத் தலங்களில் ஒண்ணுன்னு சொல்வாங்க. சங்கரன்கோவில் மண், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, எங்க தேவதானம் ஆகாயம். அந்த ஆகாயத் தலத்தில் பிறந்த என் மகன் இன்னிக்கு வரைக்கும் விமானத்தில் ஏறினது கிடையாது. ஆனா தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் விமானங்களுக்கு வழி சொல்லிக்கிட்டிருக்கான்!

(சிரிப்பு)

எதிரணியில் ஒரு அண்ணன் கேட்டார்: “பொம்மை விமானத்தை ஓட்டி என்னம்மா கத்துக்கப் போறான்?” நியாயமான கேள்வி. முதல்ல அது என்னன்னு சொல்லிடறேன்.

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுற விளையாட்டு 1982-லேயே வந்துடுச்சு. அப்போ அவனவன் தனியா ஓட்டினான். இன்டர்நெட் வந்த பிறகு எல்லாரும் ஒரே வானத்தில் சேர்ந்து பறக்க ஆரம்பிச்சாங்க. 1998-ல் ஐவாவோ, 2001-ல் வாட்சிம்னு உலகம் பூரா ஆள் சேர்ந்த சங்கங்கள் வந்துச்சு. அதில் ஒருத்தர் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓட்டுவார். இன்னொருத்தர் சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்த மாதிரி, ரேடார் படத்தைப் பார்த்துக்கிட்டு, “இவ்வளவு உயரத்துக்கு ஏறு, இந்தப் பக்கம் திரும்பு”ன்னு மைக்கில் சொல்வார். இரண்டு பேரும் அவங்கவங்க வீட்டில்தான் இருப்பாங்க. சந்தா கிடையாது. சொல்லிக் கொடுக்கிறவங்களுக்குச் சம்பளமும் கிடையாது.

புதுசா வர்றவனை எடுத்தவுடனே நாற்காலியில் உட்கார வச்சிட மாட்டாங்க அய்யா. முதல்ல பார்வையாளன். வாயைத் திறக்கக் கூடாது, காதை மட்டும் திறக்கணும். அப்புறம் தரையில் நிற்கிற விமானங்களை நகர்த்தப் பழகணும். தேறினா ஓடுபாதைக் கோபுரம். அதிலும் தேறினா விமான நிலையத்தைச் சுத்தியிருக்கிற வானம். கடைசியாத்தான் நெடுந்தூர வான்வழி. ஒவ்வொரு படிக்கும் படிப்பு, பயிற்சி, பரீட்சை. எங்க வீட்டில் சைக்கிள் கத்துக் கொடுத்தப்போகூட இவ்வளவு பொறுமை யாருக்கும் இருந்ததில்லை.

என் மகன் தமிழ் மீடியம். இங்கிலீஷ்னா பயம். முதல் பயிற்சியில், எந்த ஊரோ தெரியாத ஒரு அண்ணன், விமானி மாதிரி இவனுக்கு ஒரு செய்தி சொன்னார். இவனுக்குப் பாதி புரியலை. சினிமாவில் கேட்ட ஞாபகத்தில் கம்பீரமா “ரோஜர்!”னுட்டான்.

(சிரிப்பு)

அந்த அண்ணன் கோபப்படலை. “தம்பி, ரோஜர்னா நீ சொன்னது பூரா என் காதில் விழுந்ததுன்னு மட்டும்தான் அர்த்தம். செய்றேன்னு அர்த்தமில்லை. சரின்னும் அர்த்தமில்லை. உனக்குத்தான் பூரா விழலையே, அப்புறம் ஏன் சொன்னே? ‘சே அகெய்ன்’னு கேளு. இங்கே திரும்பக் கேக்கிறவன் முட்டாள் இல்லை. கேக்காதவன்தான் ஆபத்தானவன்”னார்.

அய்யா, இந்த வார்த்தையை என் வாழ்க்கையில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

(கைதட்டல்)

அடுத்த பாடம், கேட்டதைத் திரும்பச் சொல்றது. “மூவாயிரம் அடிக்கு ஏறு”ன்னு கட்டுப்பாட்டு அறை சொன்னா, விமானி “மூவாயிரம் அடிக்கு ஏறுறேன்”னு சொல்லி, தன் விமானத்தின் பேரையும் சேர்த்துச் சொல்லணும். அதோட முடியலை. சொன்னவர் அதைக் காது கொடுத்துக் கேட்டு, சரிதானான்னு பார்க்கணும். ஒருநாள் அந்த அண்ணன் வேணும்னே “நாலாயிரம்”னு தப்பாத் திரும்பச் சொன்னார். இவன் கவனிக்கலை. பயிற்சியை அங்கேயே நிறுத்திட்டு, “தம்பி, தப்பாக் கேட்டது விமானி. விட்டது நீ”ன்னார். அன்னிக்கு ராத்திரி இவன் சாப்பாட்டைப் பிசைஞ்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தான்.

இது வெறும் விளையாட்டுச் சட்டமா? இல்லை. நிஜ வானத்தில் உயிரைக் கொடுத்துக் கத்துக்கிட்ட பாடம். 1977 மார்ச் 27, ஸ்பெயின் நாட்டு டெனெரீஃப் தீவு. மூடுபனி. ஒரு விமானம், இன்னும் கிளம்ப அனுமதி வாங்காமலே ஓடுபாதையில் ஓட ஆரம்பிச்சிருச்சு. கட்டுப்பாட்டு அறை “ஓகே”ன்னது காதில் விழுந்தது. “பொறு, நான் கூப்பிடறேன்”னு அதுக்கு அடுத்துச் சொன்னது, அதே நேரத்தில் இன்னொரு விமானம் பேசினதால இரைச்சலில் அமுங்கிப் போச்சு. எதிரே அதே பாதையில் அந்த இன்னொரு விமானம். 583 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம்தான் ‘டேக் ஆஃப்’ங்கிற வார்த்தையை, கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே கட்டுப்பாட்டு அறை சொல்லணும்னு கட்டுப்பாடு வந்தது.

நம்ம நாட்டுக்கு வாங்க. 1996 நவம்பர் 12. ஹரியானாவில் சர்க்கி தாத்ரி. டெல்லியிலிருந்து ஏறிக்கிட்டிருந்த சவுதி விமானத்துக்கு 14,000 அடி. டெல்லிக்கு இறங்கிக்கிட்டிருந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி. நடுவில் ஆயிரம் அடி இடைவெளி. இறங்கின விமானம் 15,000-ல் நிற்கலை. நடுவானில் மோதி 349 பேர். ஒருத்தர்கூடப் பிழைக்கலை. நீதிபதி லஹோட்டி விசாரிச்சார். கஜகஸ்தான் விமானிகளுக்கு ஆங்கிலம் போதாம, சொன்னதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டதும் ஒரு காரணம்னார். யோசிச்சுப் பாருங்க அய்யா. அந்த 349 பேருக்கும் வீட்டில் யாரோ சோறு எடுத்து வச்சுக் காத்திருந்திருப்பாங்க.

(அரங்கம் அமைதி)

அதனாலதான் வானத்தில் பேசற பாஷையே தனி. இரைச்சலில் ‘ஃபைவ்’, ‘நைன்’ ரெண்டும் ஒண்ணு மாதிரிக் கேக்கும்னு, அஞ்சை ‘ஃபைஃப்’னும் ஒன்பதை ‘நைனர்’னும் சொல்வாங்க. கஷ்டமான இங்கிலீஷ் இல்லை. அளந்து வச்ச கொஞ்சம் வார்த்தைகள். அதைத் தெளிவாச் சொன்னாப் போதும். தமிழ் மீடியம் பையன் அங்கே யாருக்கும் குறைஞ்சவன் இல்லை.

எதிரணி சொன்னதில் ஒண்ணை ஒத்துக்கிறேன். கண்ணு கெடும், தூக்கம் கெடும், உண்மைதான். ராத்திரி பத்து மணிக்கு மேலே கம்ப்யூட்டர் கூடாதுன்னு எங்க வீட்டில் சட்டம். ஒருநாள் பத்தாயிடுச்சு, எந்திரிலேன்னேன். “அம்மா, விமானத்துக்கெல்லாம் கிரீன்விச் நேரம்தான். அங்கே இப்போ நாலரைதான் ஆகுது”ன்னான். “ஏலே, நீ கிரீன்விச்சில் இல்லை, தேவதானத்தில் இருக்கே. படு!”ன்னுட்டேன்.

(பலத்த சிரிப்பு, கைதட்டல்)

இன்னொண்ணும் மறைக்காமச் சொல்றேன். இதில் பாஸ் பண்ணினா வேலை கிடைக்காது. நிஜக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகணும்னா இயற்பியல், கணிதத்தோட பி.எஸ்சி., இல்லேன்னா இன்ஜினியரிங் படிச்சு, விமான நிலையங்கள் ஆணையம் நடத்துற பரீட்சையில் தேறணும். அவன் போவானோ மாட்டானோ, எனக்குத் தெரியாது. நான் அதுக்காக இங்கே பேச வரலை.

நான் ஏன் வந்தேன்னு சொல்றேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க அப்பாவை ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். சர்க்கரை வியாதி. டாக்டர் மாத்திரை விவரம் சொன்னார். வெளியே கூட்டம். நான் மூணு தடவை “சரிங்க, சரிங்க, சரிங்க”ன்னேன். எதுவும் சரியில்லை. எனக்குப் பாதி புரியலை. திரும்பக் கேட்டா என்ன நினைப்பாரோன்னு வெட்கம். காலையில் மட்டும் அரை மாத்திரை போட வேண்டிய மனுஷனுக்கு, ரெண்டு வேளையும் முழுசாக் கொடுத்தேன். மறுநாள் விடியற்காலம் மயங்கி விழுந்தார். தெய்வாதீனமாப் பிழைச்சார். நானும் அன்னிக்கு ‘ரோஜர்’தான் அய்யா சொல்லியிருக்கேன்!

(கைதட்டல்)

போன மாசம் அதே அப்பாவை மறுபடி கூட்டிட்டுப் போனோம். டாக்டர் சொல்லி முடிச்சார். நான் வழக்கம்போலத் தலையை ஆட்டினேன். என் மகன் முன்னாடி வந்தான். “சார், ஒரு தடவை திரும்பச் சொல்றேன், சரியான்னு பாருங்க. காலையில் சாப்பாட்டுக்கு முன்னாடி அரை மாத்திரை. ராத்திரி கிடையாது.” டாக்டர் பேனாவை வச்சுட்டு நிமிர்ந்து பார்த்தார். “மத்தது சரி தம்பி. ஆனா முன்னாடி இல்லை, சாப்பாட்டோட சேர்த்து”ன்னார். இவன் விடலை. “சாப்பாட்டோட அரை மாத்திரை, காலையில் மட்டும்”னு மறுபடியும் சொன்னான். எங்க அப்பா அவன் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

எதிரணி அண்ணன் கேட்டாரே, பொம்மை விமானத்தில் என்ன கத்துக்கிட்டான்னு? இதைத்தான் கத்துக்கிட்டான். புரியலைன்னா வெட்கப்படாமத் திரும்பக் கேக்கணும். புரிஞ்சதுன்னா அதைச் சொல்லிக் காட்டணும். புதுசா வந்தவன் தப்பாச் சொன்னா, சிரிக்காமத் திருத்தணும். இப்போ அவனே, அவனுக்குப் பின்னாடி வந்த ஒரு பையனுக்கு அப்படிச் சொல்லிக் கொடுக்கிறதை அடுப்படியிலிருந்து கேட்டுக்கிட்டிருக்கேன்.

நடுவர் அய்யா, தீர்ப்புச் சொல்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேண்டுகோள். நான் சொன்னதை நீங்க ஒரு தடவை திரும்பச் சொல்லிடுங்க. சரியா விழுந்துச்சான்னு நானும் பார்த்துக்கிறேன்!

(நீண்ட கைதட்டல்)