பாதியில் நின்ற பாடம்: குற்றம் உங்களுடையதல்ல



தொழில் கற்றுத்தரும் செயலி ஏதாவது உங்க போன்ல இருக்கா? கடைசியா அதை எப்போ திறந்தீங்க? ரெண்டு பாடம் பார்த்துட்டு, "நமக்கெல்லாம் படிப்பு ஏறாதுப்பா" என்று விட்டவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு. பல நேரம் குறை உங்களிடம் இல்லை. செயலியின் வடிவமைப்பில் இருக்கிறது. அதைச் சரிசெய்ய உங்க உதவியும் வேணும்.

ஒரு இட்லிக்கடை அக்காவை நினைச்சுப் பாருங்க. காலை வியாபாரம் முடிந்து பத்து நிமிஷம் கிடைக்கிறது. செயலியைத் திறந்தால் முதலில் நீளமான பதிவுப் படிவம். அடுத்து, கணக்கியல் பற்றி 40 நிமிட வீடியோ. நடுவில் பார்சல் கேட்டு ஆள் வருகிறார். கட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், வீடியோ மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது. அக்கா செயலியை நீக்கிவிடுகிறார். அவருடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பார்க்காமலே செய்த செயலி அது.

இதை மாற்றியமைக்க நிறத்தையும் லோகோவையும் மாற்றினால் போதாது. பாடத்தையே மாற்ற வேண்டும். டொமினிக்கன் குடியரசில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல சான்று. அங்கே அடோபெம் என்ற சிறுகடன் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களான சுமார் 1,200 சிறு தொழில்முனைவோரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான கணக்கியல் வகுப்பு. இன்னொரு குழுவுக்கு, "வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் தனித்தனி டிராயரில் வையுங்கள்" என்பது போன்ற எளிய விதிகள். மூன்றாவது குழுவுக்குப் பயிற்சி இல்லை. முடிவு 2014-ல் வெளியானது. எளிய விதிகளைக் கற்றவர்கள் பணத்தைக் கையாளும் முறை தெளிவாக முன்னேறியது. வழக்கமான வகுப்புக்குப் போனவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

அது வகுப்பறைப் பயிற்சிதான். ஆனாலும் செயலிக்கும் அது பொருந்தும். ஒரு பாடம் ஐந்து நிமிஷம். அதில் இன்றைக்கே செய்யக்கூடிய ஒரே ஒரு வேலை. பாதியில் விட்டால், விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும். டேட்டா தீர்ந்தாலும் ஏற்கெனவே இறக்கிய பாடத்தைக் கேட்க முடிய வேண்டும். பதிவுப் படிவம் முதல் பாடத்துக்குப் பிறகு வரட்டும்.

பொத்தானும் முக்கியம். ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல் சொல்லும் குறைந்த அளவு 48 டிபி, அதாவது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். மாவு ஒட்டிய விரலுக்கு அதற்குக் குறைந்தால் சிரமம். ஆங்கிலத்துக்கு அளந்த பொத்தானில் "சமர்ப்பிக்கவும்" என்று போட்டால் எழுத்து வெட்டுப்படும். "அனுப்பு" என்றாலே எல்லோருக்கும் புரியுமே!

இதையெல்லாம் அலுவலக அறையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. பயன்படுத்துபவர் கையில் போனைக் கொடுத்து, உதவி செய்யாமல் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று வடிவமைப்பு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-லேயே எழுதினார். அந்த ஐந்து பேரில் ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

அடுத்த தடவை ஒரு செயலி உங்களைத் தடுத்தால், நீக்குவதற்கு முன் அதன் கருத்துப் பகுதியில் மூணு விஷயம் எழுதுங்க: எந்தத் திரை, என்ன செய்ய நினைச்சீங்க, என்ன நடந்தது. "செயலி மோசம்" என்று மட்டும் எழுதினால் எதைத் திருத்துவது என்று யாருக்கும் தெரியாது. ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், ஓடிபி எதுவும் அதில் தெரியாமல் பார்த்துக்குங்க.

எத்தனை பேர் சான்றிதழ் வாங்கினார்கள் என்பது செயலியின் வெற்றி ஆகாது. அக்காவின் கடையில் வீட்டுப் பணத்துக்கு ஒரு டப்பா, கடைப் பணத்துக்கு ஒரு டப்பா வந்துவிட்டதா? அதுதான் வெற்றி.