வளைகாப்பும் வானூர்தியும்
(சங்கத்தின் ஆண்டு விழா மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)



ஜோகுபாளையத்தில் வாழும் நமக்கு விமானம் புதிதன்று. பழைய விமான நிலையம் நமக்கு அண்டை வீடு போன்றதே. 2008ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் பயணிகள் விமானங்கள் தேவனஹள்ளிக்குப் பெயர்ந்தன. இன்று 30 கிலோமீட்டருக்கு மேல் சென்றுதான் ஏறவேண்டும். எனினும், முன்பு அண்ணாந்து பார்த்த நாம் இப்பொழுது ஏறிப் பறக்கின்றோம். நம் பெண்கள் சிங்கப்பூரிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் தலைப்பேற்றுக்காகத் தாய்வீடு வருகின்றனர். இங்கிருந்து சென்னைக்கும் மதுரைக்கும் செல்கின்றனர்.

தலைப்பேறு தாய்வீட்டில் என்பது நாம் ஊர்விட்டு ஊர் வந்தபோதும் கைவிடாத வழக்கம். சில குடும்பங்களில் ஏழாம் மாதம் வளைகாப்பு. சில குடும்பங்களில் ஒன்பதாம் மாதம். கைநிறைய வளையல் அடுக்கி, பெண்ணைத் தாயோடு அனுப்பிவைப்போம். மாட்டுவண்டியும் ரயிலும் இதற்குக் கணக்குக் கேட்டதில்லை. விமான நிறுவனமோ, “எத்தனை வாரம்?” என்று கேட்கின்றது. இக்கேள்விக்கு விடை தெரியாமல்தான் பல வீடுகளில் குழப்பம் நேர்கின்றது.

பத்து மாதம் சுமந்து பெற்றாள் என்கின்றோம். மருத்துவர் கணக்கில், கடைசி மாதவிலக்கின் முதல் நாள் தொடங்கிப் பேறுகாலம் 40 வாரம், அதாவது 280 நாள். 28 நாளை ஒரு மாதமாகக் கொண்டால் சரியாகப் பத்து மாதம்! பாட்டியின் கணக்கும் மருத்துவரின் கணக்கும் பொருந்துவதைக் கண்டு நாம் வியக்கலாம். இந்தக் கணக்கின்படி ஏழாம் மாதம் என்பது 25 முதல் 28 வாரம். ஒன்பதாம் மாதம் என்பது 33 முதல் 36 வாரம்.

இனி விமானத்தாரின் விதியைப் பாருங்கள். ஒற்றைக் கருவாயிருந்து சிக்கலும் இல்லையெனில், நிறுவனத்துக்கேற்ப 28 அல்லது 32 வாரம் வரையில் தடையில்லை. அதன்பின் மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். 36 வாரம் கடந்தால் பெரும்பாலோர் ஏற்றுவதில்லை. இரட்டைக் கருவாயின் கதவு இன்னும் முன்னரே மூடிவிடும். ஒன்பதாம் மாதத்தில் நாள் பார்த்து, மண்டபம் பார்த்து, உறவினர் வரவுக்குக் காத்திருந்து வளையல் இட்டு முடிக்கும்போது, பெண்ணின் பயணச் சீட்டு வெறுங்காகிதமாகிவிடலாம்.

வளைகாப்பை விட்டுவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. விமானத்தில்தான் பயணம் எனின் ஏழாம் மாதத்தில் வையுங்கள். ஒன்பதாம் மாதமே குலவழக்கம் என்போர், பெண்ணின் தாயாரை இங்கு வரவழைத்து வளையல் இடச் செய்யலாம். பேறும் இங்கேயே நிகழட்டும். பெங்களூரில் மருத்துவமனைக்கா பஞ்சம்?

இவ்விதி ஏன்? பறப்பதால் வலி எடுத்துவிடும் என்று அஞ்சுவோர் உளர். காரணம் அதுவன்று. விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பது போன்றது. உதகமண்டலம் 7,300 அடிக்கு மேல் உயர்ந்தது. அங்கே கருவுற்ற பெண்கள் வாழவில்லையா? நலமுள்ள தாயும் கருவும் இதைத் தாங்கிக்கொள்ளும். மிகுந்த இரத்தசோகை, இரத்தப்போக்கு, உயர் இரத்த அழுத்தம் ஆகியன உடையோர் மட்டும் மருத்துவர் ஒப்புதலின்றி ஏறலாகாது.

உண்மைக் காரணம், வானத்தில் மகப்பேற்று அறை இல்லை என்பதே. 7-10-2020 அன்று தில்லியிலிருந்து நம் நகருக்கு வந்த இண்டிகோ விமானத்தில் ஓர் ஆண்மகவு பிறந்தது, குறைமாதப் பேறு. 17-3-2021 அன்று பெங்களூரிலிருந்து ஜெய்ப்பூர் சென்ற விமானத்தில் ஒரு பெண்மகவு பிறந்தது. நாடே மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அவ்விரு நாளிலும் பயணிகளிடையே ஒரு மருத்துவர் அமர்ந்திருந்தார். அவ்விருக்கைகளில் வேறு யாரேனும் அமர்ந்திருந்தால்?

கருவுற்ற காலத்தில் காலின் நாளங்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு மிகுதி. நான்கு மணி நேரத்திற்கு மேற்பட்ட பயணமாயின் நடைபாதையை ஒட்டிய இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். அவ்வப்போது எழுந்து நடக்கவும், கணுக்காலைச் சுழற்றவும், நீர் பருகவும் வேண்டும். இறுக்கக் காலுறை வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். இருக்கை வாரை வயிற்றின் நடுவே கட்டுதல் தவறு. வயிற்றுக்குக் கீழே, தொடையை ஒட்டி, இடுப்பெலும்பின்மேல் அமையவேண்டும்.

பேறு முடிந்து சில மாதங்களில், குழந்தையோடு திரும்பும் பயணம் வரும். பிறந்த சில நாளிலேயே ஏற்றும் நிறுவனங்கள் உண்டு. ஏற்றுகிறார்கள் என்பதற்காக விரைய வேண்டுவதில்லை. குறைமாதக் குழந்தைக்கும், அறுவையால் ஈன்ற தாய்க்கும் மருத்துவர் நாள் குறிக்கட்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை மடியில் அமரலாம். ஆயின் தாயின் வாருக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டலாகாது. திடீரெனக் குலுங்கினால் தாயின் எடை முழுதும் பிள்ளைமேல் அழுந்தும். குழந்தைக்குரிய சிறு வாரைப் பணியாளரிடம் கேட்டுப் பெறுங்கள்.

அழுமே என்று அஞ்சித் தூக்க மருந்தோ சளி மருந்தோ புகட்டுவோர் உண்டு. வேண்டவே வேண்டாம்! அது மூச்சையே தடுக்கக்கூடும். குழந்தை அழுவது பெரும்பாலும் செவிவலியால். விமானம் இறங்குகையில் காற்றழுத்தம் மிகுகின்றது. நடுச்செவி அதற்கு ஈடுகொடுக்க, குழந்தை விழுங்கவேண்டும். தாய்ப்பாலே இதற்கு நல்ல மருந்து. சளியும் காதுவலியும் இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

தூங்கும் பிள்ளையை எழுப்பாதே என்பர் பாட்டிமார். வீட்டில் அது சரியே. விமானத்தில், தரையிறங்குவதற்கு அரைமணி முன்னரே இறக்கம் தொடங்கிவிடும். அப்பொழுது பாட்டியே உடனிருந்து தடுத்தாலும், எழுப்பிப் பால் கொடுங்கள்.