பெஞ்சும் பீடமும்



இன்று ஒரு போதகரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயர் பாரதி. திருநங்கை. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் நடராஜபுரம் என்ற ஊரில், இந்திய சுவிசேஷத் திருச்சபையின் சின்னஞ்சிறு சபை ஒன்றுக்கு அவர் போதகரானார். இந்தியாவின் முதல் திருநங்கை போதகர் என்று 2010-களின் தொடக்கத்தில் பத்திரிகைகள் எழுதின.

பெற்ற வீட்டை விட்டு வெளியே வந்தவர் அவர். அப்படி வந்தவர்களுக்கு இந்த நாடு என்ன பிழைப்பை ஒதுக்கி வைத்திருந்தது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அவரோ இறையியல் படித்தார், பட்டம் வாங்கினார். ஒரு திருச்சபை அவரைக் கூப்பிட்டு, இந்த மக்கள் உன் பொறுப்பு என்று ஒப்படைத்தது. இது எப்போது? திருநங்கையரை மூன்றாம் பாலினமாக உச்ச நீதிமன்றம் ஏற்றது 2014 ஏப்ரல் 15-ஆம் தேதி. அதற்கு முன்பே! டெல்லியில் நீதியரசர்கள் தீர்ப்பு எழுதுவதற்கு முன்பே, ஒரு கிராமத்துச் சனங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவர் முன்னால் உட்கார்ந்து ஜெபித்திருக்கிறார்கள். அந்தச் சனங்களை நான் வணங்குகிறேன்.

எங்கள் சபைக்கு யாரும் வரலாம் என்று சொல்லாத திருச்சபை உண்டா? திருநங்கையரும் வரலாம். கடைசி பெஞ்சில் உட்காரலாம். பாடலாம், காணிக்கை போடலாம். ஆனால் திருவிருந்தில் அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கிற கை மட்டும் அவர்களுடைய கையாக இருக்கக் கூடாது. பெஞ்சில் இடம் கொடுக்க இரக்கம் போதும். பீடத்தில் நிறுத்த நம்பிக்கை வேண்டும். பிள்ளையின் ஞானஸ்நானத்தை, மகளின் கல்யாணத்தை, அப்பாவின் அடக்க ஆராதனையை ஒருவர் கையில் கொடுக்கிற நம்பிக்கை அது.

ஆணை நேசிக்கும் ஓர் ஆண் குருவாக வந்தால்? திருநங்கையர் நிலை வேறு, இவர் நிலை வேறு. இவரால் தன்னை மறைத்துக்கொள்ள முடியும். முடியும் என்பதாலேயே மறைத்துக்கொள் என்கிறோம். 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி முதல் இந்த நேசம் இந்தியாவில் குற்றமில்லை. சட்டம் கைவிட்ட பழியை நம் பெரிய சபைகள் இன்னும் கைவிடவில்லை. அப்புறம் அந்தப் பையன் என்ன செய்வான்? ஊரை விட்டுப் போவான், முடிந்தால் நாட்டையே விட்டுப் போவான்.

நைஜீரியாவில் அதுதான் நடந்தது. ஜீடே மக்காலே என்ற தன்பாலீர்ப்புப் போதகர் 2006-ல் லாகோஸ் நகரத்தில் 'ஹவுஸ் ஆஃப் ரெயின்போ' என்று ஒரு சபையைத் தொடங்கினார். வேறெங்கும் வாய்திறந்து ஜெபிக்க முடியாதவர்கள் அங்கே வந்து ஜெபித்தார்கள். பத்திரிகைகள் அம்பலப்படுத்தின, மிரட்டல் வந்தது, 2008-ல் அவர் லண்டனுக்குப் போக வேண்டியதாயிற்று. பின்னாளில் இங்கிலாந்துத் திருச்சபை அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தது. லாகோஸ் இழந்த மேய்ப்பர் லண்டனுக்குக் கிடைத்தார். இழந்தது யார் என்று யோசியுங்கள்.

ஆரணிக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். இருக்கிறது ஐயா. ஸ்கடர் சகோதரர்கள் 1853-ல் தொடங்கிய ஆற்காடு மிஷனின் நிலையங்களில் நம் ஆரணியும் ஒன்று. அந்த மிஷனை அனுப்பியது அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரும் அந்தத் திருச்சபையின் பிள்ளைதான். அதே திருச்சபையில், நியூ பிரன்ஸ்விக் இறையியல் கல்லூரியின் தலைவராக இருந்த நார்மன் கான்ஸ்ஃபீல்ட், 2004-ல் தன் மகள் ஆன் இன்னொரு பெண்ணை மணந்தபோது, தானே நின்று திருமணத்தை நடத்தி வைத்தார். அதற்காக 2005-ல் திருச்சபை அவரை விசாரித்து, குருப்பணியிலிருந்து நிறுத்தி வைத்தது. பெற்ற மகளை ஆசீர்வதித்ததற்குத் தண்டனை! ஆறு வருடம் கழித்து, 2011-ல்தான் பணியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த மகளும் போதகர்தான். புரூக்ளினில் கிரீன்பாயிண்ட் சபையை நடத்தியவர். 2015-ல் நியூயார்க் தீயணைப்புத் துறை அவரைத் தன் குருமார்களில் ஒருவராக நியமித்தது. எரிகிற வீட்டுக்குள் நுழைகிற வீரர்களுக்குத் தங்களுக்காக ஜெபிப்பவர் யாரை மணந்திருக்கிறார் என்பது ஒரு பொருட்டாக இல்லை.

நமக்குப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கொடுத்த திருச்சபையே இதில் தடுமாறியிருக்கிறது, திருத்திக்கொண்டும் இருக்கிறது. அதனால் இது மேல்நாட்டு விவகாரம், நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்று சொல்லி யாரும் என்னை உட்கார வைக்க முடியாது. நடராஜபுரம் மேல்நாட்டில் இல்லை.

சேகரக் குழுவினர் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். குருப்படிப்புக்குப் போக வேண்டும் என்று ஒரு பிள்ளை வந்தால் சிபாரிசுக் கடிதம் உங்கள் கையெழுத்தில்தான் போகிறது. அந்தப் பிள்ளை தன்னைப் பற்றிய உண்மையைச் சொன்னால், சொன்னதற்காகவே கடிதத்தைக் கிழிக்காதீர்கள். உட்கார வையுங்கள். உனக்கு அழைப்பு எப்போது வந்தது, நோயாளியைப் பார்க்கப் போவாயா, சாவு வீட்டில் ராத்திரி முழுக்க இருப்பாயா என்று மற்றவர்களிடம் கேட்பதையே அவரிடமும் கேளுங்கள். அதற்கும் முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரை வேதபாடம் வாசிக்கக் கூப்பிடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.